பழைய மடிக்கணினியும் வெளித்திரையும்

மடிக்கணினிகளுக்கு வயதாவதும் மனிதர்களுக்கு வயதாவதும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. முதலில் மூச்சு வாங்குகிறது. அதாவது மின்கலம் அரைமணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அடுத்து மூட்டுவலி, மூடியைத் தாங்கும் கீல் தளர்ந்து, திரை தானாகப் பின்னால் சாய்கிறது. கடைசியில் கண். திரை மஞ்சள் பூத்து, ஓரத்தில் கோடு விழுந்து, ஒரு நாள் கறுத்துப் போகிறது. ஆனால் மூளையும் நினைவும் (செயலியையும் வன்தட்டையும் சொல்கிறேன்) பெரும்பாலும் கடைசிவரை நன்றாகவே இருக்கின்றன. கண் மட்டும் போன கணினிக்கு வெளியிலிருந்து ஒரு கண் கொடுத்துவிடலாம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கண் கெட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. என்னிடம் 2011-ஆம் ஆண்டு வெளிவந்த தின்க்பேட் டி420 ஒன்று இருக்கிறது. 14 அங்குலத் திரை. அன்றைக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. இன்றைக்கு ஒரு பக்கம் அகராதி, இன்னொரு பக்கம் வருடிய பழைய புத்தகம், நடுவில் நான் தட்டச்சும் பக்கம் என்று மூன்றையும் திறந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. புதுக் கணினி வாங்குவதைவிட, யாரோ அலுவலகத்தில் கழித்துக் கட்டிய 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைப்பது மலிவு. தமிழ் தட்டச்சவும் வாசிக்கவும் பதினைந்து வருடத்துச் செயலி தாராளமாகப் போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் வேலை, மடிக்கணினியைத் திருப்பி அதன் இடுப்பையும் முதுகையும் பார்ப்பது. எந்தத் துளை இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

நீல நிறத்தில், இரு பக்கமும் திருகாணி வைக்க இடம் விட்டு, மூன்று வரிசையில் ஐந்தைந்தாகப் பதினைந்து துளைகள் இருந்தால் அது விஜிஏ. 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டு வந்தது. அன்று அது காட்டியது 640க்கு 480 புள்ளிகள்தான். கணினி உலகில் ஐந்து வருடம் தாக்குப்பிடித்தாலே தாத்தா ஆகிவிடலாம்; இதுவோ கால் நூற்றாண்டு ஆண்டது. இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் சேர்ந்து 2010 டிசம்பரில் இதற்கு விடைகொடுக்கப் போவதாக அறிவித்தன. 2015-ஐ ஒட்டிப் புதிய செயலிகளில் இது இல்லாமல் போயிற்று. ஆனாலும் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் தொங்கும் பழைய ப்ரொஜெக்டர்களில் இன்றும் இந்த நீலத் துளை உண்டு.

விஜிஏ எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஏனென்றால் இதில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி அது வேலை செய்யும் விதத்திலிருந்தே வருகின்றன.

திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகள். விஜிஏ கம்பியில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி இழை. நிறம் எவ்வளவு பிரகாசம் என்பதை அந்த இழையில் உள்ள மின்னழுத்தம் சொல்லும். பூஜ்யம் என்றால் இருட்டு, 0.7 வோல்ட் என்றால் முழு வெளிச்சம், இடையில் உள்ளதெல்லாம் இடைப்பட்ட சாயல்கள். ஒரு வரி முடிந்தது, ஒரு பக்கம் முடிந்தது என்று சொல்ல வேறு இரண்டு இழைகள். அவ்வளவுதான். முன்னும் பின்னும் மின்கதிர் ஓடிப் படம் வரையும் பழைய கண்ணாடிக்குழாய் மானிட்டர்களுக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

இன்றைய தட்டைத் திரைக்கு அப்படியில்லை. மடிக்கணினிக்குள் படம் எண்களாக இருக்கிறது. விஜிஏ துளையில் அதை மின்னழுத்தமாக மாற்றுகிறார்கள். மானிட்டருக்குள் போனதும் அதை மறுபடி எண்ணாக மாற்ற வேண்டும். தமிழ்க் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலம் தொலைந்த பிறகு, அந்த ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழாக்குவது போன்ற வேலை. கதை வந்துவிடும், நடை கொஞ்சம் மங்கும்.

எவ்வளவு நுணுக்கமாக அளக்க வேண்டும் என்று பாருங்கள். 1920க்கு 1080 என்றால் ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 படங்கள். வரிகளுக்கும் பக்கங்களுக்கும் நடுவே விடும் இடைவெளிகளையும் சேர்த்தால் விநாடிக்கு 14 கோடியே 85 லட்சம் புள்ளிகளுக்கான நேரம். அதாவது ஒரு புள்ளிக்கு 7 நானோ விநாடிக்கும் குறைவு. அந்தக் கண்ணிமைப்புக்குள் மின்னழுத்தத்தைச் சரியான கணத்தில் அளந்தாக வேண்டும். கொஞ்சம் முந்தியோ பிந்தியோ அளந்தால் பக்கத்துப் புள்ளியின் நிறம் இதில் கலந்துவிடும். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுவதும், சில பத்திகள் மட்டும் நடுங்குவதும் இதனால்தான்.

இதைச் சரிசெய்ய மானிட்டரில் ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். பலர் கறுப்புப் பின்னணியோ கடற்கரைப் படமோ திரையில் இருக்கும்போது அதை அழுத்திவிட்டு, ‘ஒன்றும் மாறவில்லையே’ என்கிறார்கள். படத்தின் ஓரம் எது என்று மானிட்டருக்குத் தெரிந்தால்தானே அளக்கும்? வெள்ளைப் பக்கத்தில் நெருக்கமாக எழுத்துகள் உள்ள ஆவணம் ஒன்றைத் திரை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு அழுத்துங்கள். படம் ஒரு கணம் தள்ளாடி, பிறகு நிலைக்கும்.

கம்பியும் முக்கியம். விஜிஏ கம்பிகளில் விரல் பருமன் உள்ளதை எடுங்கள். அதில் நிறத்துக்கான இழைகள் தனித்தனியாகக் கவசம் போட்டிருக்கும். சுருட்டிப் பாக்கெட்டில் வைக்கும் நூல்போன்ற கம்பி ப்ரொஜெக்டருக்குச் சரி, எழுத்து வாசிக்க ஆகாது. முனையில் உள்ள ஊசிகளையும் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தால் திரை முழுக்க மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும், ஒரு நிறம் வந்து சேரவில்லை என்று பொருள். ஈயம் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அந்த ஊசிமேல் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம். பதினைந்தில் ஒன்பதாம் ஊசி இல்லாமலே பல கம்பிகள் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்த தலைமுறை டிவிஐ, 1999. வெள்ளை நிறத்தில் அகலமாக இருக்கும். மடிக்கணினிகளில் அரிதாகத்தான் வந்தது. மானிட்டர்களின் முதுகில் நிறைய உண்டு. 2002 டிசம்பரில் ஹெச்டிஎம்ஐ வந்தது. டிவிஐயின் அதே மொழியைச் சின்ன வாயால் பேசுகிறது, கூடவே ஒலியையும் கொண்டுபோகிறது. ஆகவே ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ, மறு பக்கம் டிவிஐ உள்ள வெறும் கம்பியே போதும். நடுவே எந்த மாற்றுப் பெட்டியும் தேவையில்லை. 2006-இல் டிஸ்ப்ளேபோர்ட். ஹெச்டிஎம்ஐ போலவே தோன்றும், ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். இதன் குட்டி வடிவத்தை 2008-இல் ஆப்பிள் கொண்டு வந்தது. அதற்கப்புறம் 2014-இல் யுஎஸ்பி-சி. இந்தக் கட்டுரையில் பேசும் கணினிகளில் அது இருக்காது என்பதால் விட்டுவிடுகிறேன்.

இவற்றில் எண்முறையில் படம் போகிறது. விஜிஏ செவிவழிக் கதை என்றால் இவை ஓலையில் எழுதி அனுப்புவது. ஓலை வந்து சேர்ந்தால் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும். கம்பி மோசமாக இருந்தால் படம் மங்காது. மின்மினி போலப் புள்ளிகள் பறக்கும், அல்லது படமே வராது. ஆகவே ஹெச்டிஎம்ஐ கம்பியில் தங்கமுலாம் பூசியதால் நிறம் கூடுதலாகத் தெரியும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் இடம், ஒரு பக்கம் ஒரு வகையும் மறுபக்கம் வேறு வகையும் இருப்பது. இங்கே ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: படம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது? மாற்றிகள் எல்லாம் ஒருவழிப் பாதை. மடிக்கணினியில் ஹெச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ என்றால் எண்ணை மின்னழுத்தமாக்கும் சிறு சில்லு உள்ள மாற்றி வேண்டும். மடிக்கணினியில் விஜிஏ, மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ என்றால் அதற்கு நேரெதிரான வேறொரு கருவி. அதற்கு யுஎஸ்பி வழியாக மின்சாரமும் கொடுக்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு இரட்டைப்பிள்ளைகள் போலவே இருக்கும். ஒன்றை வாங்கி மற்றதன் வேலையைச் செய்யச் சொன்னால் எத்தனை முறை செருகிப் பிடுங்கினாலும் படம் வராது. உள்ளே சில்லு எதுவும் இல்லாமல், விஜிஏ முனையையும் ஹெச்டிஎம்ஐ முனையையும் வெறுமனே ஒட்டிய கம்பிகளும் விற்கிறார்கள். சாதாரண மடிக்கணினிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

டிஸ்ப்ளேபோர்ட்டிலும் இந்தத் திசைச் சிக்கல் உண்டு. பெரும்பாலான மடிக்கணினிகளின் டிஸ்ப்ளேபோர்ட் துளைக்கு ஹெச்டிஎம்ஐ மொழியும் தெரியும். மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தன் பேச்சை மாற்றிக்கொள்ளும். அதனால் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு எளிய, மலிவான கம்பி போதும். ஹெச்டிஎம்ஐக்கு அந்தப் பன்மொழிப் புலமை கிடையாது. ஹெச்டிஎம்ஐ மடிக்கணினியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்குப் போக மின்சாரம் தேவைப்படும் விலையுயர்ந்த மாற்றிதான் வழி. என் டி420-இல் விஜிஏயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் உண்டு, ஹெச்டிஎம்ஐ கிடையாது. ஆகவே எனக்கு இந்தக் கதவு திறந்தே இருந்தது.

இதோடு தொடர்புள்ள ஒரு மயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய மடிக்கணினியின் திரை நன்றாக இருக்கிறது, அதைப் புதிய கணினிக்கு மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா என்று வருடத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். இரண்டிலும் ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். மடிக்கணினியின் துளை பேச மட்டும் தெரிந்த வாய். கேட்கும் காது அதில் இல்லை. இரண்டு வாய்களைக் குழாயால் இணைத்தால் உரையாடல் நடக்காது.

இனி மாஸ்டர் வீட்டு விஷயம். நான் இருப்பது டொரொன்டோ பக்கம். ஸ்கார்பரோவில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். தன் ஊர்ப் பக்கத்துப் பேச்சுச் சொற்களைப் பதினோரு வருடமாகச் சேர்த்து வருகிறார். தோட்டம், கிணறு, பனை, மீன்பிடி, கல்யாணவீடு, செத்தவீடு என்று பிரித்துப் பிரித்து இருபத்தெட்டுக் கோப்புகள். சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மடிக்கணினி 2009 வாக்கில் வாங்கியது. ஒரு நாள் காலை திரை கறுப்பு. பிரதி வைத்திருந்த பென் டிரைவ் ரயிலில் தொலைந்து ஒரு வருடமாகியிருந்தது. பக்கத்துக் கடையொன்றில் காட்டியதற்கு, ‘எல்லாம் போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்களாம்.

“தம்பி, உள்ளுக்குள்ள இருக்கிறதெல்லாம் போச்சுதோ? கொப்பியில எழுதி வச்சிருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை” என்றார் தொலைபேசியில். குரல் ஒரு மாதிரி இருந்தது.

போய்ப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியது. வன்தட்டு முனகியது. கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் 7-இன் வரவேற்பு ஒலியும் கேட்டது. அந்த ஒலி கேட்டதுமே எனக்குப் பாதி நிம்மதி. கணினி முழுதாக எழுந்து உட்கார்ந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகத் திரைமேல் அடித்தேன். மங்கலாகச் சின்னங்களின் நிழல் தெரிந்தது. அதாவது படம் உருவாகிறது. பின்னாலிருந்து ஒளி தரும் விளக்குதான் இறந்திருக்கிறது. அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் மெல்லிய குழல்விளக்கு ஒன்றும், அதற்கு உயர்மின்னழுத்தம் தரும் சிறு பலகையும் இருக்கும். இரண்டில் ஒன்று போனாலும் இதே கதிதான்.

காரிலிருந்து மானிட்டரையும் விஜிஏ கம்பியையும் கொண்டுவந்தேன். கணினியை அணைத்து, கம்பியைச் செருகி, மானிட்டரை முதலில் போட்டுவிட்டுப் பிறகு கணினியைப் போட்டேன். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஹெச்டிஎம்ஐயில் ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று சொல்லவே ஓர் ஊசி இருக்கிறது. விஜிஏயில் அப்படி அழைப்புமணி கிடையாது. மானிட்டருக்குள் இருக்கும் 75 ஓம் மின்தடையை உணர்ந்தோ, தகவல் இழையில் விசாரித்தோதான் கணினி தெரிந்துகொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் சில கணினிகள் கவனிக்காமலே விட்டுவிடும்.

தயாரித்த நிறுவனத்தின் சின்னம் மானிட்டரில் வந்தது. மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அடுத்த நிமிடம் விண்டோஸ் ஏறியதும் மானிட்டர் மறுபடி கறுப்பு. இதுவும் எதிர்பார்த்ததே. ‘என்னுடைய சொந்தத் திரையில் மட்டும் காட்டு’ என்று விண்டோஸ் முன்பு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. அதை மாற்ற வேண்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு.

வழி இரண்டு. விசைப்பலகையின் மேல்வரிசையில் இரட்டைத் திரைப் படம் போட்ட விசை ஒன்று இருக்கும் (தின்க்பேட்டில் எஃப்7, மற்றவற்றில் எஃப்4, எஃப்5, எஃப்8 என்று ஆளுக்கு ஒன்று). ‘எஃப்என்’ என்ற விசையைப் பிடித்துக்கொண்டு அதைத் தட்ட வேண்டும். ஒருமுறை தட்டிவிட்டு ஐந்து விநாடியாவது காத்திருங்கள். பதற்றத்தில் படபடவென்று தட்டினால் வெளித்திரைக்குப் போய், உள்திரைக்கே திரும்பி வந்துவிடும். இரண்டாவது, விண்டோஸ் 7 முதல் வந்த வழி. விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு ‘பி’யைத் தட்டினால் பட்டியல் விரியும்; பிடித்தபடியே இன்னொருமுறை ‘பி’யைத் தட்டினால் ‘இரண்டிலும் ஒன்றே’ என்ற அடுத்த வரிக்கு நகரும்; விட்டுவிட்டு என்டர். மாஸ்டர் கணினியில் கடவுச்சொல் கேட்கும் கட்டத்தை முதலில் குருட்டாம்போக்கில் கடக்க வேண்டியிருந்தது. ஒரு எழுத்து ஒரு எழுத்தாக அவரே தட்டினார். பிறகு நான் இரண்டாம் வழியில் முயன்றேன். மானிட்டரில் பச்சை வயல் படமும், அதன்மேல் வரிசையாக மஞ்சள் உறைகளும் வந்து நின்றன.

“எல்லாம் கிடக்குது” என்றார் மாஸ்டர். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டாவது வரியைத் தாண்டி மூன்றாவதான ‘நீட்டிப்பு’க்குப் போய்விட்டால், வெளித்திரையில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரியும். சின்னங்களும் கீழ்ப்பட்டையும் செத்த திரையிலேயே தங்கிவிடும். கோப்பெல்லாம் அழிந்துவிட்டது என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அழியவில்லை, பக்கத்து அறையில் இருக்கிறது.

முதல் வேலையாக இருபத்தெட்டுக் கோப்புகளையும் இரண்டு பென் டிரைவ்களில் எடுத்தோம். அவர் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சியிருந்தார். அதையும் சேர்த்து எடுத்தாக வேண்டும். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். அது தனிக் கதை. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டியும் கோப்புகளை எடுத்திருக்கலாம், உண்மைதான். ஆனால் மாஸ்டருக்கு அந்த விசைப்பலகை வேண்டும். பதினோரு வருடத்தில் விரல் பழகிய இடம். பெரிய மானிட்டரோடு அதையே வைத்துக்கொண்டு இருபத்தொன்பதாவது கோப்பை ஆரம்பித்துவிட்டார். வலைப்பக்கம் மட்டும் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன.

அவர் வீட்டில் இன்னொன்றையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. படம் வந்துவிட்டதே தவிர எழுத்துகள் குழைந்து கிடந்தன. பலர் இந்தக் கட்டத்தில் ‘பழசு, இவ்வளவுதான் வரும்’ என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

தட்டைத் திரையில் புள்ளிகள் எண்ணி வைத்தவை. 1920க்கு 1080 என்றால் அத்தனை சன்னல்கள் சுவரில் கட்டப்பட்டுவிட்டன. மடிக்கணினியின் உள்திரை 1366க்கு 768. ‘இரண்டிலும் ஒன்றே’ என்று வைத்தால் சின்னத் திரைக்கான படமே பெரியதிலும் போகும். 1366 சன்னல்களுக்கான ஓவியத்தை 1920 சன்னல்களில் பரப்ப மானிட்டர் அக்கம்பக்கத்தைக் கலந்து பூசும். ஆங்கில எழுத்து இந்தப் பூச்சை ஓரளவு தாங்கும். தமிழுக்குத் தாங்காது. ஒற்றின் தலைமேல் உள்ள புள்ளி கரைந்து ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ‘ன’வும் ‘ண’வும் சுழி கலந்து ஒன்றாகும். காலும் ரகரமும் எப்போதுமே அண்ணன் தம்பி. மங்கிய திரையில் இரட்டையர். மெய்ப்புத் திருத்துபவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை. ஆகவே படம் வந்ததும் ‘வெளித்திரையில் மட்டும்’ என்று மாற்றி, மானிட்டருக்கு உரிய அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்து சிறியதாகத் தெரிந்தால் அளவைக் குறைக்காமல், எழுத்தின் விகிதத்தை 125 சதவிகிதமாகக் கூட்டுங்கள். புள்ளிகள் கூர்மையாகவே இருக்கும்.

சரியான அளவு பட்டியலிலேயே இல்லை என்றால்? மானிட்டர் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய ஜாதகத்தை 128 பைட் அளவில் வைத்திருக்கிறது: யார் செய்தது, என்ன அளவு, எந்த வேகம் ஒத்துக்கொள்ளும் என்றெல்லாம். கணினி அதை விஜிஏயின் 12, 15-ஆம் ஊசிகள் வழியாகப் படிக்கிறது. நடுவில் உள்ள மலிவு மாற்றியோ நீட்சிக் கம்பியோ அந்த இழைகளை விட்டுவிட்டால் ஜாதகம் வந்து சேராது. கணினியும் யாருக்கும் ஒத்துவரும் 1024க்கு 768-ஐ எடுத்துக்கொள்ளும். படம் அகலமாக நசுங்கித் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்பியை. நேரடியாக ஒரு நல்ல கம்பியில் மாட்டிப் பாருங்கள். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் அளவைக் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.

மானிட்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் பேராசை வேண்டாம். ஹெச்டிஎம்ஐயின் ஆரம்பப் பதிப்புகள் விநாடிக்கு 16.5 கோடிப் புள்ளிகள் வரைதான் தாங்கும். 1920க்கு 1200 வரை அதில் அடங்கிவிடும். 2560க்கு 1440 என்றால் 24 கோடியைத் தாண்டுகிறது. 4கே திரையை விநாடிக்கு 60 படமாக ஓட்ட 59.4 கோடி வேண்டும். 2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4-ஆல்கூட 4கேயில் விநாடிக்கு 30 படம்தான் தர முடியும்; சுட்டியை நகர்த்தினால் தேன்பாகில் நகர்வதுபோல் இருக்கும். துளை புதிதாக இருந்தும் உள்ளே உள்ள வரைகலைச் சில்லு பழையதாக இருப்பதும் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். என் 2011 மடிக்கணினியே அதன்வழி 2560க்கு 1440-ஐ 60 படத்தோடு தருகிறது.

வாசிப்பவர்களுக்கு என் சிபாரிசு, அலுவலகங்கள் கழிக்கும் 24 அங்குல, 1920க்கு 1200 மானிட்டர். முதுகில் விஜிஏ, டிவிஐ, டிஸ்ப்ளேபோர்ட் மூன்றும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பலவற்றில் திரையை நட்டுக்குத்தாகத் திருப்பும் வசதியும் உண்டு. திருப்பி வைத்து நூலகம் தளத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலோ வருடிய பழைய புத்தகம் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒரு முழுப் பக்கம், தலைப்பிலிருந்து அடிக்குறிப்பு வரை, உருட்டாமல் தெரியும். அச்சிட்ட பக்கத்தைவிடப் பெரிதாகவே தெரியும். படத்தை 90 பாகை திருப்பும் வசதி விண்டோஸின் திரை அமைப்புகளிலேயே இருக்கிறது.

எந்தத் துளையும் வேலை செய்யவில்லை என்றால் யுஎஸ்பி வழியாகப் படம் அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. 1920க்கு 1080 படத்தை அப்படியே அனுப்ப விநாடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட் வேண்டும். பழைய யுஎஸ்பி 2.0-இன் கொள்ளளவு 48 கோடி. ஆகவே மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிறார்கள். எழுத்துக்குப் பரவாயில்லை, திரைப்படத்துக்கு ஆகாது. இதற்கு மென்பொருள் நிறுவ வேண்டும் என்பதால், மாஸ்டர் வீட்டில் நேர்ந்தது போன்ற குருட்டு நிலைமையில் உதவாது.

விஜிஏயில் ஒலி வராது. ஸ்பீக்கரை மடிக்கணினியிலேயே செருகுங்கள். காசு கட்டிப் பார்க்கும் படங்கள் சில விஜிஏ திரையில் ஓட மறுக்கும், அல்லது மங்கலாக ஓடும். அது பழுதில்லை, நகலெடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு.

கடைசியாக, மேசை. மூடியை மூடினால் கணினி தூங்கிவிடும். மின்சார அமைப்புகளில் ‘மூடும்போது ஒன்றும் செய்யாதே’ என்று மாற்ற வேண்டும். ஆனால் சில மடிக்கணினிகள் விசைப்பலகை வழியாகவே சூடான காற்றை வெளிவிடுகின்றன. அவற்றை நாலு விரல் இடைவெளியாவது திறந்து வையுங்கள். எந்நேரமும் மின்னிணைப்பில் இருக்கப் போவதால் பழைய மின்கலத்தைக் கழற்றிப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் மறுபடி மாட்டாதீர்கள், மின்கலம் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை நீட்டும் தூரத்தில் இருப்பது நல்லது. அதற்காக மானிட்டருக்கு அடியில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் தொகுதிகளை அடுக்கியிருந்த வீடு ஒன்றையும் பார்த்தேன். உயரம் கச்சிதமாகத்தான் இருந்தது. சொல்லுக்குப் பொருள் பார்க்க ஒவ்வொரு முறையும் மானிட்டரைத் தூக்குவார்களா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன். இரண்டு செங்கல் போதும்.